டார்ஷனும் கம்ப்ளீஷனும்: பரிமாற்றில்லா வளையத்தில் எந்த வழியை எடுப்பது?

போன வாரம் கண்டனூரில் எங்கள் ஆயா வீட்டு வளவில் உட்கார்ந்துகொண்டு, காரைக்குடியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, மூணாவது அத்தியாயத்துக்கு எந்த வழியை எடுக்கட்டும்? நாலு பேர் நாலு விதமா எழுதியிருக்காங்க, படிக்கும்போது நாலும் சரின்னுதான் தோணுது. ஒண்ணைப் பிடிச்சு ஆறு மாசம் கழிச்சு அது என் வளையத்துக்கு ஒத்துவராதுன்னு தெரிஞ்சா என்ன செய்ய?"

அவள் கையில் இருப்பவை லீ அல்ஜீப்ராக்களின் என்வலப்பிங் வளையங்கள், அதாவது லீ அல்ஜீப்ராவின் விதிகளைப் பெருக்கல் விதிகளாக வைத்துக் கட்டிய, பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடிய வளையங்கள். அவற்றின் மேல் டார்ஷன் ஃபங்டரும் கம்ப்ளீஷன் ஃபங்டரும் வேண்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று ஜோடியாகவும் இருக்க வேண்டும். அவளுக்கு அன்று சாயங்காலம் வரை பேசிச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே இடத்தில் நின்று யோசிக்கிறவர்கள் தமிழ்நாட்டில் இன்னும் சிலராவது இருப்பார்கள். குறியீடுகளுக்குத் தமிழ் எழுத்தே போடுகிறேன். மாட்யூல் என்று சும்மா சொன்னால் இடப்பக்க மாட்யூல், அதாவது வளையத்தின் உறுப்புகள் இடப்பக்கமிருந்து பெருக்கும் கூட்டல் குழு.

முதலில் பரிமாற்று வளையத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் நம் எதிர்பார்ப்பு எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. முழு எண்களையும் 5 என்ற பகா எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்யூலில் 5-இன் ஏதோ ஓர் அடுக்கால் பெருக்கினால் பூச்சியமாகிவிடும் உறுப்புகளை மட்டும் பொறுக்கி எடுப்பது டார்ஷன். 5, 25, 125 என்று ஒவ்வொரு அடுக்காலும் வகுத்துக் கிடைப்பவற்றின் லிமிட்டை எடுப்பது கம்ப்ளீஷன். இப்போது பகுதியில் 5-இன் அடுக்குகள் மட்டுமே வரும் பின்னங்களை எடுத்து, முழு எண்களால் வகுத்துவிடுங்கள். இந்தக் குழுவுக்கு ப்ரூஃபர் குழு என்று பெயர். இது முழுக்க முழுக்க டார்ஷன். ஆனால் இதில் எந்த உறுப்பையும் 5-ஆல் வகுக்க முடியும், அதனால் கம்ப்ளீஷன் எடுத்தால் பூச்சியம், ஒன்றும் மிஞ்சாது. அதே கம்ப்ளீஷனை டிரைவ்டு ஃபங்டராக எடுத்தாலோ, அதாவது மாட்யூலுக்குப் பதில் நல்ல மாட்யூல்களின் சங்கிலி ஒன்றை வைத்துக் கணக்கிட்டாலோ, ஒரு படி நகர்ந்து 5-அடிக் முழு எண்கள் அப்படியே வந்து நிற்கும். சாதாரணக் கம்ப்ளீஷன் தொலைத்ததை டிரைவ்டு கம்ப்ளீஷன் காப்பாற்றிக் கொடுக்கிறது. எனக்கு இந்தப் பாடத்தின் மேல் பிரியம் வந்தது இந்த ஒரு கணக்கால்தான்.

இதற்குப் பின்னால் உள்ள அமைப்பை மாட்லிஸ் தொடங்கி, கிரீன்லீஸும் மேயும் 1992-இல் வலுவாக்கி, அலோன்சோ, ஹெரெமியாஸ், லிப்மன் மூவரும் 1997-இல் ஸ்கீம்களுக்குக் கொண்டுபோனார்கள். முதல் மூவரின் பெயரெழுத்தை வைத்து எம்ஜிஎம் ஈக்குவலன்ஸ் என்கிறோம். சாரம் இவ்வளவுதான்: டிரைவ்டு டார்ஷன் என்பது ஒரு குறிப்பிட்ட காம்ப்ளெக்ஸால் (மாட்யூல்களின் சங்கிலியால்) டென்சர் செய்வது. டிரைவ்டு கம்ப்ளீஷன் என்பது அதே காம்ப்ளெக்ஸிலிருந்து ஹோம் எடுப்பது, அதாவது அதிலிருந்து கிளம்பும் மேப்புகளைத் திரட்டுவது. டார்ஷன் பொருள்களின் உலகமும் கம்ப்ளீட் பொருள்களின் உலகமும் ஒன்றுக்கொன்று சமானம். ஐடியல் வீக்லி ப்ரோரெகுலராக (அதன் ஜெனரேட்டர்களை வைத்துச் சொல்லும் ஒரு நிபந்தனை) இருந்தால் இது நடக்கும் என்று போர்ட்டா, ஷால், யெக்குத்தியேலி 2014-இல் முழுமையாக எழுதினார்கள். நோயதீரியன் பரிமாற்று வளையத்தில் எல்லா ஐடியலும் அப்படித்தான், ஆகவே அங்கே யாருக்கும் கவலையே இல்லை.

சரி, பரிமாற்று விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

மிகச் சின்ன உதாரணம் போதும், இரண்டே ஜெனரேட்டர். பூச்சியக் கேரக்டரிஸ்டிக் உள்ள புலம் க. அதன் மேல் ப, ம என்ற இரண்டு உறுப்புகள், விதி ஒன்றே ஒன்று: பம − மப = ம. இதனால் உருவாகும் வளையத்தை வ என்போம், இது இரண்டு பரிமாண நான்-அபீலியன் லீ அல்ஜீப்ராவின் என்வலப்பிங் வளையம். நோயதீரியன், குளோபல் டைமென்ஷன் 2, எல்லா விதத்திலும் சாதுவானது. ப, ம இரண்டும் உருவாக்கும் இருபக்க ஐடியலை இ என்போம். அந்தப் பெண்ணின் அத்தியாயத்தில் முதல் உதாரணமே இதுதான், நான்கு வழிகளையும் இதில் வைத்தே உரசிப் பார்க்கலாம்.

முதல் வழி, எல்லோரும் கை வைக்கும் வழி: இ-யின் அடுக்குகளை எடுத்து, பரிமாற்று வளையத்தில் செய்ததையே செய்வது. ஒரு மாட்யூலில் இ-யின் ஏதாவதோர் அடுக்கு பூச்சியமாக்கும் உறுப்புகள் டார்ஷன், வ-வை இ-யின் அடுக்குகளால் வகுத்து லிமிட் எடுத்தால் கம்ப்ளீஷன். எழுதுவதற்குச் சுலபம், வாசிப்பவருக்கும் உடனே புரியும். ஆனால் விதியை இன்னொரு தடவை பாருங்கள். ம என்பது பம − மப, அதனால் ம இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. ம இரண்டாம் அடுக்கில் இருப்பதால் பம, மப இரண்டும் மூன்றாம் அடுக்கில், ஆகவே ம-வும் மூன்றாம் அடுக்கில். இப்படியே போனால் ம எல்லா அடுக்கிலும் இருக்கிறது. கம்ப்ளீஷன் எடுத்த நொடியில் ம செத்துப்போகும், மிஞ்சுவது ப-வின் அடுக்குத் தொடர் வளையம் மட்டும்.

டார்ஷன் பக்கம் இன்னும் மோசம். இரண்டே பரிமாணத்தில் ஒரு மாட்யூலை எழுதுகிறேன்: அடித்தளம் த, ந. த-வை ப-வும் ம-வும் பூச்சியமாக்குகின்றன. ந-வை ம பெருக்கினால் த, ப பெருக்கினால் −ந. விதி சரியாக இருக்கிறதா என்று பேனாவை எடுத்துப் பார்த்துவிடுங்கள், இருக்கும். இதில் எந்தப் பூச்சியமல்லாத சப்மாட்யூலை எடுத்தாலும் உள்ளே த இருக்கும், அதாவது இது த-வின் எசென்ஷியல் எக்ஸ்டென்ஷன். த டார்ஷன், ஆனால் ந டார்ஷன் இல்லை, ஏனென்றால் ப எத்தனை தடவை பெருக்கினாலும் ந-வைக் கொல்ல முடியாது. ஆக, டார்ஷன் மாட்யூலின் இன்ஜெக்டிவ் ஹல் டார்ஷனாக இருக்க வேண்டும் என்ற ஸ்டேபிள் பண்பு இங்கே உடைந்துவிட்டது. ஆர்ட்டின்–ரீஸ் பண்பும், அதாவது ஐடியலின் அடுக்குகள் சப்மாட்யூலிலும் ஒழுங்காக இறங்கும் என்பதும், அதோடு போய்விட்டது. பரிமாற்று வளையத்தில் நாம் கேட்காமலே கிடைத்தவை இவை இரண்டும்.

அப்போ முதல் வழியைத் தூக்கிப் போட வேண்டுமா? வேண்டாம். ஐடியல் மைய உறுப்புகளால் உருவாகியிருந்தால், உதாரணமாக ஒரு முடிவுறு குழுவின் முழு எண் குழு வளையத்தில் 5 உருவாக்கும் ஐடியல் போல, பரிமாற்றுக் கணக்கு அப்படியே ஓடும். நில்பொடென்ட் லீ அல்ஜீப்ராவாக இருந்தாலும், ஹைசன்பர்க் அல்ஜீப்ரா போல, ஆர்ட்டின்–ரீஸ் காப்பாற்றிவிடும். ஆகவே வேறு எதையும் தொடும் முன் ஒரு மத்தியானம் உட்கார்ந்து இதைச் சரிபாருங்கள். உங்கள் ஐடியல் இந்த ரகம் என்றால் முதல் வழியே போதும், மேற்கொண்டு படிப்பது உங்கள் ஆசைக்கு. அவளுடைய வளையங்கள் பாதிக்கு மேல் இந்த ரகம் இல்லை.

இரண்டாவது வழி ஐடியலையே மறந்துவிடச் சொல்கிறது. சப்மாட்யூல், கோஷண்ட், எக்ஸ்டென்ஷன், நேர்க்கூட்டல் எல்லாவற்றுக்கும் மூடியிருக்கும் மாட்யூல்களின் ஒரு கூட்டத்தை, டார்ஷன் கிளாஸ் என்று நேரடியாக எடுத்துக்கொள்வது. கப்ரியேல் 1962-இல் போட்ட அடித்தளம் இது. இதன் மேல் 2018-இல் வ்யாஸும் யெக்குத்தியேலியும் எம்ஜிஎம்-ஐப் பரிமாற்றில்லா வளையத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நிபந்தனை கேட்கிறார்கள்: டார்ஷனின் டிரைவ்டு ஃபங்டர்கள் முடிவிலி நேர்க்கூட்டலோடு ஒத்துப்போக வேண்டும், அவை ஒரு பரிமாணத்துக்கு மேல் நின்றுவிட வேண்டும், அப்புறம் வீக்லி ஸ்டேபிள், அதாவது இன்ஜெக்டிவின் டார்ஷன் பாகம் இன்ஜெக்டிவாக இல்லாவிட்டாலும், டார்ஷன் எடுக்கும்போது மேல் டிரைவ்டு ஃபங்டர்களில் ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது. பரிமாற்று வளையத்தில் வீக்லி ஸ்டேபிளும் வீக்லி ப்ரோரெகுலரும் ஒன்றே என்று அவர்களே காட்டுகிறார்கள், அதனால் இது சரியான பொதுமைப்படுத்தல்தான் என்று மனது ஒப்புகிறது.

இதன் பலம் ஐடியலே இல்லாத இடத்தில் தெரியும். பூச்சியக் கேரக்டரிஸ்டிக்கில் வைல் அல்ஜீப்ரா (ஒரு மாறியும் அதை வைத்து வகையிடும் ஆபரேட்டரும் உருவாக்கும் வளையம்) ஒரு சிம்பிள் வளையம், உருப்படியான இருபக்க ஐடியல் ஒன்றுகூடக் கிடையாது. முதல் வழிக்கு அங்கே கால் வைக்கவே இடமில்லை. ஆனால் மாறியின் ஏதோ ஓர் அடுக்கு கொல்லும் உறுப்புகள் என்று டார்ஷன் கிளாஸ் வைத்துக்கொள்ளலாம், அந்த மாறியைத் தலைகீழாக்கிய வளையத்தை வைத்து டிரைவ்டு டார்ஷனை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆதிப்புள்ளியில் மட்டும் தாங்கப்படும் டி-மாட்யூல்கள் (இந்த வளையத்தின் மேல் உள்ள மாட்யூல்கள்) எல்லாம் இதற்குள் அழகாக உட்காரும்.

பலவீனம்? நம் வ-வில் ஸ்டேபிள் பண்பு உடைந்துவிட்டதால், வீக்லி ஸ்டேபிளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும், அதற்கு வ-வின் இன்ஜெக்டிவ்களைக் கையில் பிடிக்க வேண்டும். இரண்டு பரிமாணத்திலேயே இது வேலைதான், அவளுடைய நான்கு, ஐந்து பரிமாண அல்ஜீப்ராக்களில் ஒவ்வொன்றுக்கும் இப்படிச் செய்தால் அத்தியாயம் முழுவதும் நிபந்தனை சரிபார்ப்பிலேயே போய்விடும். இன்னொன்று, இங்கே கம்ப்ளீஷன் என்பது டார்ஷன் காம்ப்ளெக்ஸிலிருந்து எடுத்த டிரைவ்டு ஹோம், வரையறையே அதுதான். அடுக்குகளால் வகுத்து எடுத்த எந்த லிமிட்டோடும் அது ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் இது ஒரு குறை மாதிரி தெரியும். குறை இல்லை என்று மூன்றாவது வழியில் தெரியும்.

மூன்றாவது வழி ட்வையரும் கிரீன்லீஸும் 2002-இல் எழுதியது. எந்த வளையமாக இருந்தாலும் சரி, ஒரு பெர்ஃபெக்ட் காம்ப்ளெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது முடிவுறு நீளத்தில் முடிவுறு ப்ரொஜெக்டிவ்களால் ஆனது. அதிலிருந்து டிரைவ்டு வகையில் கட்டி எழுப்பக்கூடியவை எல்லாம் டார்ஷன். அதோடு எந்தத் தொடர்பும் இல்லாதவற்றிலிருந்து எந்த மேப்பையும் வாங்காதவை எல்லாம் கம்ப்ளீட். இரண்டு உலகமும் சமானம், நிபந்தனை வேறு எதுவும் கிடையாது. லீ அல்ஜீப்ரா முடிவுறு பரிமாணமாக இருக்கிறவரை ட்ரிவியல் மாட்யூல் க எப்போதுமே பெர்ஃபெக்ட், காஸுல் ரெசல்யூஷன் கையிலேயே இருக்கிறது. ஸ்டேபிள் உண்டா, வீக்லி ஸ்டேபிள் உண்டா என்ற கேள்வியே எழாது.

இப்போது வ-வில் கணக்குப் போடுவோம், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயமே இந்தக் கணக்குத்தான். க-விலிருந்து வ-வுக்கு எக்ஸ்ட் (ஹோமின் டிரைவ்டு ஃபங்டர்) எடுத்தால் 0, 1 இரண்டும் பூச்சியம், 2 மட்டும் மிஞ்சும். அது வ-வை (ப−1), ம ஆகிய இரண்டும் உருவாக்கும் வலப்பக்க ஐடியலால் வகுத்தது. ஒரே பரிமாணம், ஆனால் அங்கே ப வலப்பக்கமிருந்து பெருக்கினால் 0 வருவதில்லை, 1 வருகிறது! அந்த 1 எங்கிருந்து வந்தது என்றால், விதியின் வலப்பக்கத்தில் நிற்கும் ம-விலிருந்து. லீ அல்ஜீப்ரா மொழியில் சொன்னால் ப-வின் அட்ஜாயின்ட் செயலின் ட்ரேஸ் 1.

இதன் விளைவு: வ-வின் டிரைவ்டு கம்ப்ளீஷன், ப-வின் அடுக்குத் தொடர் வளையம் இல்லை. (ப−1)-இன் அடுக்குத் தொடர் வளையம். நம்பிக்கை வராவிட்டால் நேரே சரிபார்க்கலாம். அந்தத் தொடர் வளையத்தை மாட்யூலாக எடுத்து, அதில் ம பூச்சியமாகச் செயல்படட்டும். க-விலிருந்து அதற்கு எக்ஸ்ட் கணக்கிட்டால், ப அங்கே தலைகீழாகக்கூடியது என்பதால் 0, 1 இரண்டும் பூச்சியமாகும், 2-இல் ஒரு பரிமாணம் மிஞ்சும், வ-வுக்கு வந்தது அப்படியே. முதல் வழி கொடுத்த ப-வின் தொடர் வளையத்தில் அதே கணக்கைப் போட்டால் 2-இல் பூச்சியம், 1-இல் ஒன்று வருகிறது. அதாவது அடுக்குகளால் வகுத்து வாங்கிய அந்தக் கம்ப்ளீஷன் டார்ஷனின் ஜோடியே இல்லை. பெயர் மட்டும்தான் கம்ப்ளீஷன்.

இதை அவளுக்கு விளக்கும்போது நாங்கள் உட்கார்ந்திருந்த வீடே கை கொடுத்தது. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வரிசையாகக் கதவுகள், எல்லாவற்றையும் திறந்து வைத்தால் முகப்பில் நின்றபடியே பின்தெரு தெரியும். பரிமாற்று வளையத்தில் டார்ஷனும் கம்ப்ளீஷனும் ஒரே தெருவில், ஒரே ஐடியலில் இருப்பதால் வீட்டைக் கடக்கிறோம் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. பரிமாற்றில்லாத இடத்தில் டார்ஷன் இடப்பக்கம் ப = 0 என்ற தெருவில் ஏறுகிறது, எக்ஸ்ட் வழியாக வலப்பக்கம் கடந்து, கம்ப்ளீஷனாக இறங்கும்போது ப = 1 என்ற தெருவில் இறங்குகிறது. "அப்போ முன்தெருவுல நின்னுக்கிட்டு இறங்குறவங்களைத் தேடுறதுதான் முதல் வழியாக்கா?" என்றாள். ஆமாம், அதேதான்.

நான் ஆராய்ச்சி தொடங்கிய நாளில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. லிமிட்டை வரையறுத்துவிட்டு அதற்கு ஜோடியான டார்ஷனைத் தேடி ஏறத்தாழ ஓர் ஆண்டு செலவழித்தேன். டார்ஷனிலிருந்து தொடங்கி, அதன் ஜோடி எங்கே போய் நிற்கிறதோ அதைக் கம்ப்ளீஷன் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதே தெரிந்திருந்தால் அந்த ஆண்டு மிஞ்சியிருக்கும். அதனால்தான் இரண்டாவது வழியில் கம்ப்ளீஷன் ஹோமாக வரையறுக்கப்படுவது குறை இல்லை என்றேன்.

மூன்றாவது வழிக்கும் விலை உண்டு. வேலையெல்லாம் டிரைவ்டு வகையில் நடக்கிறது. க-வின் டிரைவ்டு எண்டோமார்ஃபிசம் என்பது டிஜி அல்ஜீப்ரா (டிஃபரன்ஷியல் உள்ள கிரேடட் அல்ஜீப்ரா), அது ஃபார்மலா இல்லையா, அதாவது அதன் கோஹோமாலஜியே அதற்குப் பதிலாக நிற்குமா என்று பார்க்க வேண்டும், தேர்வாளர் "மாட்யூல் எங்கே?" என்று கேட்டால் கோஹோமாலஜி எடுத்துத்தான் காட்ட வேண்டும். வ-வில் பிரச்சினை இல்லை: லீ அல்ஜீப்ரா கோஹோமாலஜி 0-இல் ஒன்று, 1-இல் ஒன்று, 2-இல் இல்லை, ஆகவே உயர் பெருக்கல்கள் போய் விழ இடமே இல்லை, ஃபார்மல்தான். அப்புறம், வைல் அல்ஜீப்ராவில் பார்த்தது போல, தலைகீழாக்கக்கூடிய உறுப்புகளின் கணத்தால் (ஓரே கணம் என்பார்கள்) வரும் டார்ஷனாக இருந்தால் பெர்ஃபெக்ட் காம்ப்ளெக்ஸை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே இரண்டாவது வழிதான் இயல்பாக வரும்.

நான்காவது, பொசிட்செல்ஸ்கி வளர்த்தெடுத்த கான்ட்ராமாட்யூல்கள். இதைச் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். கம்ப்ளீட்டும் செப்பரேட்டடும் ஆன மாட்யூல்கள் அபீலியன் வகை ஆவதில்லை, 5-அடிக்கிலேயே ஆவதில்லை. ஒருங்கும் முடிவிலிக் கூட்டல்களையே வரையறைக்குள் வைத்துக்கொண்டால் அபீலியன் வகை கிடைக்கிறது, அவைதாம் கான்ட்ராமாட்யூல்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், டிஸ்க்ரீட் மாட்யூல் வலப்பக்கம், கான்ட்ராமாட்யூல் இடப்பக்கம் என்று பக்கம் மாறுவதை இந்தக் கோட்பாடு ஆரம்பத்திலிருந்தே வெளிப்படையாக வைத்திருக்கிறது. நம் கணக்கில் 0 போய் 1 வந்தது போன்ற விஷயம் இங்கே யாரையும் திடுக்கிட வைக்காது. ஆனால் எந்த டோப்பாலஜியை வளையத்தின் மேல் வைப்பது என்று முன்னமே தெரிய வேண்டும். வ-வில் அது (ப−1) பக்கம் என்று நமக்குச் சொன்னது மூன்றாவது வழிதான். முதல் அத்தியாயத்தை எழுதி முடித்தவர்கள் போகவேண்டிய இடம் இது, மூன்று ஆண்டு நிதியில் ஒரு மாணவி ஆரம்பிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆக, அவளுக்கு நான் சொன்ன முடிவு: அத்தியாயம் மூன்றாவது வழியில். நில்பொடென்ட் உதாரணங்கள் வரும்போது மட்டும் முதல் வழியும் அதே விடையைத் தருகிறது என்று ஒரு பிரிவு, ஏனென்றால் வாசிப்பவருக்கு அது பிடிமானம். வைல் அல்ஜீப்ராவைக் கட்டாயம் சேர்க்க வேண்டுமானால் இரண்டாவது வழியில் தனிப் பிரிவு, நிபந்தனைகள் மூன்றையும் அங்கே மட்டும் சரிபார்த்து. இரண்டு சட்டகத்தையும் ஒரே பிரிவில் கலக்க வேண்டாம், டார்ஷன் என்ற சொல்லுக்கு இரண்டிலும் பொருள் வேறு. வேறு யாராவது கேட்டால் இதையே சொல்ல மாட்டேன். டி-மாட்யூல் பக்கமிருந்து வருகிறவருக்கு இரண்டாவது, மைய ஐடியல் உள்ளவருக்கு முதலாவது.

அடுத்து என்ன கணக்குப் போடுவது என்று கேட்டாள். பரிமாணம் 3: ப, ம, ல, விதிகள் பம − மப = ம, பல − லப = −ல, ம-வும் ல-வும் பரிமாறும். ப-வின் ட்ரேஸ் 1 − 1, அதாவது பூச்சியம், ஆகவே தெரு மாறாது, 0-இல் ஏறி 0-இலேயே இறங்கலாம். இனி முதல் வழியும் சரியாக வரும் என்று அவள் நினைத்தாள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அடுக்குகளால் வகுத்தால் ம, ல இரண்டும் செத்து ப-வின் தொடர் வளையம் மட்டும் 0-ஆம் டிகிரியில் வரும். டிரைவ்டு கம்ப்ளீஷனில் அது வருகிறது, ஆனால் அதோடு நிற்பதில்லை. ம-வும் ல-வும் சேர்ந்து கோஹோமாலஜியில் 2-ஆம் டிகிரியில் ஒரு புது உறுப்பைத் தருகின்றன, அதன் வர்க்கம் பூச்சியம், அதனால் −1, −2, −3 என்று ஒவ்வொரு டிகிரியிலும் ப-வின் தொடர் வளையம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை வந்துகொண்டே இருக்கிறது. எடைகளைப் பிரித்து எழுதினால் ஃபார்மல் என்பது அரைப் பக்கத்தில் விழும். இருட்டும் முன் கடைசி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தவள், நோட்டை மூடாமல் −2 வரை எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.